முந்நூற்று எண்பத்தொரு கிலோ

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில் என்னுடைய எடை இருபத்தொன்பது கிலோ. மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில் என்ன நிறச் சப்பாத்துப் போட்டேன் என்பது மறந்துவிட்டது. நான்காம் வகுப்பு ஆசிரியையின் முகம் மறந்துவிட்டது. இந்த இருபத்தொன்பது மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அதை நான் ஒரு மாட்டுக்கு இரவல் கொடுத்தேன்.

நாங்கள் அப்போது மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், நான்காம் மாடியில் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். அம்மா பக்கத்து மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் இருந்தார். இருவருக்குமே சனிக்கிழமை விடுமுறை கிடையாது. ஆகவே சனிக்கிழமைகளில் நான் சின்னம்மாவின் பொறுப்பு. சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் வரவேற்பறைச் சோபாவில் படுப்பவர். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள்.

சனிக்கிழமை காலையில் கோயிலின் நிலவறையில் தமிழ் வகுப்பு நடந்தது. அம்மாவுக்கு என்னை அங்கே அனுப்பத்தான் விருப்பம். ஆனால் சின்னம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கோயில் கதவே திறந்திருக்காது. "நான் மாடுகளோடை தமிழிலைதான் கதைக்கிறனான். அங்கை வந்து படிக்கட்டும்," என்றார் சின்னம்மா. அப்படியே ஆயிற்று. என் தமிழ் இன்றைக்கும் கொஞ்சம் மாட்டுத் தமிழ்தான். "அங்காலை போ", "தள்ளி நில்", "காலைத் தூக்கு" என்பவற்றை நான் மிகச் சுத்தமாக உச்சரிப்பேன்.

சின்னம்மா மன்னாரில் கால்நடைத் திணைக்களத்தில் இருந்தவர். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டவர். மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம் அலுவலகங்களில் தரை துடைத்தார். பிறகு பூசை முடிந்து நின்ற யாரோ ஒருவர் சொல்லி, இந்த மாட்டுப் பண்ணையில் வேலை கிடைத்தது. மொன்றியல் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைக் கடந்து, பாலம் ஏறி இறங்கி, இன்னும் இருபது நிமிடம் காரில் போக வேண்டும். பால் மாடுகள் அல்ல. இறைச்சிக்காக வளர்க்கும் இனம். உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கியூபெக் பெண்மணி, கணவரை இழந்தவர். நாங்கள் அவரை மதாம் என்றுதான் சொல்வோம். மதாமுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி தெரியாது. சின்னம்மாவுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். பிரெஞ்சில் புல், தண்ணீர், கதவு, எண்கள், அவ்வளவுதான். மற்ற நாட்களில் இருவரும் கையாலும் தலையாலும் கதைத்துச் சமாளித்தார்கள். சனிக்கிழமை நான் வந்து இறங்கியதும், வாரம் முழுவதும் சேர்த்து வைத்ததை என் வாய் வழியாகப் பேசித் தீர்த்தார்கள். பத்து வயதில் நான் அந்தப் பண்ணையின் வெளியுறவு அமைச்சராக இருந்தேன்.

சின்னம்மாவின் முக்கியமான பொறுப்பு நாகுகள். இன்னும் கன்று போடாத இளம் பசுவை நாகு என்போம். அந்த வருடம் பதினான்கு நாகுகள் இருந்தன. இலையுதிர் காலத்தில் அவற்றைத் தாயிடமிருந்து பிரித்து, குளிர்காலம் முழுவதும் தீனி போட்டு, அடுத்த கோடையில் காளையோடு விடும் அளவுக்கு வளர்த்து எடுக்க வேண்டும். கேட்க இலேசாக இருக்கும். குறைத்துப் போட்டால் வளராது, பருவத்துக்கும் வராது. கூட்டிப் போட்டால் கொழுத்துவிடும், கொழுத்த மாடு சினை பிடிக்க மாட்டாது. நாளொன்றுக்கு முக்கால் கிலோ ஏறவேண்டும். சின்னம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொன்றின் நெஞ்சையும் சுற்றி, எடை காட்டும் அளவுநாடா பிடிப்பார், விலாவைக் கையால் அழுத்திப் பார்ப்பார், எண்ணைச் சொல்வார். நான் கொப்பியில் எழுதுவேன். அடுத்த வாரத்துக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு உலர்புல், வெள்ளைப் பொலித்தீனில் சுற்றி வைத்த புளித்த புல்லில் எத்தனை அள்ளு என்று அங்கேயே நின்றபடி தீர்மானிப்பார்.

அந்தப் பதினான்கில் கடைசி ஆள் ஒரு கபில நிற நாகு. மற்றவை ஏப்ரல் தொடக்கத்துக்குள் பிறந்துவிட, இவள் மட்டும் மே முடியும்போது பிறந்தாள். எதிலும் இரண்டு மாதம் பிந்தியிருந்தாள். தீனித் தொட்டியில் பெரியவை தோளால் இடித்துத் தள்ளினால் சண்டை பிடிக்காமல் பின்னால் போய் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதாம் அவளைப் 'பியூஸ்' என்று கூப்பிட்டார். பிரெஞ்சில் அது தெள்ளுப்பூச்சி. ஆனால் பிரெஞ்சுத் தாய்மார் தங்கள் பிள்ளைகளையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னையும் மதாம் அப்படித்தான் கூப்பிட்டார். ஆகவே மதாம் "பியூஸ்" என்று குரல் கொடுத்தால் நாங்கள் இருவரும் திரும்பிப் பார்ப்போம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, என் குளிர் அங்கியின் உட்புறத்தில் இரண்டு கோப்பை பார்லியைக் கொட்டிக்கொண்டு போய்ப் பியூஸுக்குத் தனியாகக் கொடுத்தேன். அடுத்த சனியும் கொடுத்தேன். மூன்றாவது சனி சின்னம்மா அவளுடைய பின்புறத்தையும் சாணியையும் பார்த்தார். பிறகு என் அங்கியைத் திறந்து பார்த்தார்.

"எத்தினை நாளா?"

"இண்டைக்கு மூண்டாம் நாள்."

"பிள்ளை, கூடக் குடுத்தால் வயிறு கெடும். அதோடை மடியிலை கொழுப்புக் கட்டும். பேந்து கண்டுக்குட்டி போட்டாலும் குடுக்கப் பால் இராது. நீ அவளுக்கு நல்லது செய்யேல்லை."

அவர் என்னைத் திட்டவில்லை. அன்றைக்கே சிறியவை நான்கையும் பிரித்து வேறு தொட்டியில் விட்டார். பியூஸ் அங்கே முதன்முறையாகச் சுவரைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துத் தின்றாள். நான் செய்த களவினால்தான் அவளுக்குத் தனித் தொட்டி கிடைத்தது என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

மதாமிடம் ஒரு சட்டம் இருந்தது. ஜூன் கடைசியில் எல்லா நாகுகளையும் நிறுப்பார்கள். முந்நூற்று எண்பது கிலோவுக்கு மேலிருந்தால் ஜூலையில் காளையோடு மேய்ச்சலுக்குப் போகலாம். அதற்குக் கீழே இருந்தால், அந்த வாரமே லொறி வரும். லொறி எங்கே போகும் என்று கேட்டேன். மதாம் மறைக்கவில்லை. கொழுக்க வைக்கிற இடத்துக்குப் போகும், பிறகு இறைச்சிக்குப் போகும் என்றார். நான் அதைச் சின்னம்மாவுக்குத் தமிழில் மொழிபெயர்த்தேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டிறைச்சிக் குழம்பு. மூன்று ஞாயிறு நான் அதைத் தொடவில்லை. நான்காம் ஞாயிறு உருளைக்கிழங்கை மட்டும், குழம்போடு, சாப்பிட்டேன்.

கணக்கில் நான் கெட்டிக்காரி. கொப்பியை எடுத்து, மிச்சமிருந்த நாட்களை முக்கால் கிலோவால் பெருக்கிப் பார்த்தேன். பியூஸுக்கு இருபத்தேழோ இருபத்தெட்டோ கிலோ குறையும். எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வந்தது. குளியலறைத் தராசில் ஏறி நின்று பார்த்தேன். இருபத்தொன்பது. அந்த நேரம் எனக்கு உண்டான சந்தோசத்தை எப்படிச் சொல்வது? யாரோ எனக்காகவே அந்தக் கணக்கைப் போட்டு வைத்ததுபோல இருந்தது.

நிறுக்கும் நாளன்று காலையில் மூன்று ரொட்டி சாப்பிட்டு, இரண்டு பெரிய கோப்பை தண்ணீர் குடித்தேன். மழை இல்லாத நாளில் ஏன் இறப்பர் பூட்ஸ் என்று அம்மா கேட்டார். சேறு என்றேன்.

பண்ணையில் மாடுகள் ஒற்றை வரிசையில் வரும்படி கம்பி வழி ஒன்று இருந்தது. அதன் முடிவில் தராசுக் கூண்டு. கூண்டு முழுவதுமே தராசின் மேல் நிற்கும். உள்ளே மாடு ஏறியதும் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் எண் தெரியும். சின்னம்மா திரைக்குப் பக்கத்தில் நின்று எண்ணைப் பிரெஞ்சில் வாசிப்பார். மதாம் நாலடி தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்து, அதில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுவார். நான் பின்னால் நின்று அடுத்த நாகை உள்ளே தள்ள வேண்டும்.

பதின்மூன்று நாகுகள் போய்விட்டன. அவற்றில் மூன்று தோற்றுவிட்டன. கடைசியாகப் பியூஸ் உள்ளே போனாள். நான் பின்கதவைச் சாத்திவிட்டு, கூண்டின் பக்கக் கம்பியில் காலை வைத்து ஏறி, இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். மதாம் இருந்த பக்கம் நான் தெரியாதபடி பியூஸின் உடம்பு மறைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். மூச்சை விட்டால் எடை குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

சின்னம்மா திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து கம்பிகளுக்கிடையே பார்த்தார். அவர் கண்ணுக்கு நேரே என்னுடைய சிவப்புப் பூட்ஸ்கள் நிலத்தைத் தொடாமல் நின்றன. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பிரெஞ்சில் எண்பது என்று ஒரு சொல் கிடையாது; நான்கு இருபதுகள் என்று சொல்ல வேண்டும். சின்னம்மா அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தடுக்கி விழுவார். அன்றைக்குத் தடுக்கவில்லை. முந்நூறு, நான்கு இருபது, ஒன்று. தெளிவாக, உரத்த குரலில் சொன்னார். மதாமின் பென்சில் தாளில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது கார் பாலத்தில் ஏறியது.

"நீ எத்தினை கிலோ?" என்று கேட்டார் சின்னம்மா.

"இருபத்தொன்பது."

"பூட்ஸோடையோ?"

"பூட்ஸ் இல்லாமல்."

"அப்ப முப்பது," என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "முந்நூற்றைம்பத்தொண்டு," என்றார்.

சென்ட்-ஆனில் நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கியதை உருகவிட்டுக் குப்பையில் போட்டார். எனக்கு ஏச்சு விழவில்லை, ஐஸ்கிரீமும் கிடைத்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வீரச் செயல் செய்துவிட்டோம் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

லொறி மூன்றை ஏற்றிக்கொண்டு போனது. பியூஸ் காளையோடு மேய்ச்சலுக்குப் போனாள். இலையுதிர் காலத்தில் மிருக வைத்தியர் வந்து, கையுறை போட்ட கையை உள்ளே விட்டுச் சோதித்து, அவள் சினை என்றார். நான் கைதட்டினேன். சின்னம்மா தொழுவத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்ணைக்குப் போகத் தொடங்கினார். பூசை முடிந்ததும், கோயில் உடுப்புக்கு மேலேயே வேலை அங்கியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். சம்பளம் இல்லாத நாள் அது. பியூஸை மட்டும் தனியாகக் கட்டி, நல்ல உலர்புல்லும் அளந்த தானியமும் உப்புத்தூளும் கொடுத்தார். "எலும்பு வளரோணும். கண்டு பெருக்கக்கூடாது," என்று என்னிடம் சொன்னார். வளராத உடம்பில் கன்று தங்கினால் வெளியே வரும் வழி போதாது, அதற்காகத்தான் அந்த முந்நூற்று எண்பது என்றும் ஒருமுறை சொன்னார். நான் கேட்டேன். கேட்டதைப் பெரியவர்கள் சொல்லும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து வைத்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் சமையலறையில் ஒரு சண்டை நடந்தது. சென்ட்-ஆனில் ஒரு பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகம் இருக்கிறது. அங்கே மாட்டுத் தொழுவத்தில் உதவியாளர் வேலைக்குச் சின்னம்மா வருடக்கணக்காக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். மன்னாரில் செய்த வேலைக்குக் கொஞ்சமாவது கிட்ட வரக்கூடிய வேலை. பிப்ரவரியில் தொடங்க முடியுமா என்று கேட்டுக் கடிதம் வந்திருந்தது.

"சித்திரை முடியட்டும் எண்டு எழுதப்போறன்," என்றார் சின்னம்மா.

"உனக்கென்ன விசரே? சித்திரை வரைக்கும் உனக்காக வேலையை ஆர் வைச்சுக்கொண்டு இருக்கிறது?" என்றார் அம்மா.

"ஒரு மாடு ஈன இருக்கக்கா."

"அது ஈனுறதுக்கு நீ என்ன மருத்துவிச்சியோ?"

"ஓம்," என்றார் சின்னம்மா.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். வளாகத்தில் சித்திரை வரை வைத்திருக்கவில்லை, வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் நிம்மதிதான். சின்னம்மா வேலை மாறினால் என் சனிக்கிழமைகள் என்ன ஆவது?

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை. பனி உருகி, வளவெல்லாம் சேறு. நாங்கள் போய் இறங்கும்போது பியூஸ் கன்று ஈனும் தடுப்புக்குள் படுத்திருந்தாள். பின்னால் இரண்டு குளம்புகள் தெரிந்தன. சின்னம்மா அவற்றைப் பார்த்ததும் கைகளைத் தோள்வரை கழுவத் தொடங்கினார். அந்தக் குளம்புகள் எனக்கு அழகாகத்தான் தெரிந்தன. பெரியதாக, மஞ்சளாக, ஈரமாக இருந்தன. பெரிய குளம்பென்றால் பெரிய கன்று என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் பார்த்தார்கள். பியூஸ் முக்கினாள், குளம்பு ஓர் அங்குலம் வந்தது. மூச்சு விட்டாள், குளம்பு திரும்ப உள்ளே போனது. மதாம் மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, காதில் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தார். சின்னம்மாவின் கை உள்ளே இருந்தது. அவர் தடவித் தெரிந்துகொண்டதை நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.

"தலை நேராத்தான் இருக்கெண்டு சொல்லு. நாக்கு அசையுது. உயிர் இருக்கு."

சொன்னேன்.

"இடுப்பு வாசல் காணாதெண்டு சொல்லு."

இடுப்பு எலும்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. "வாசல் சின்னது" என்றேன். எந்தத் தொழுவத்து வாசல், வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "மாட்டின் வாசல்!" என்று கத்தினேன். பிறகு புரிந்துகொண்டார்கள்.

அரை மணித்தியாலத்தில் வைத்தியர் வந்தார். இளம் பெண். பியூஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மதாமிடம், காளையோடு விடும்போது இவள் எவ்வளவு நிறை என்று கேட்டார். மதாம் குறிப்பேட்டை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, பக்கம் புரட்டினார்.

"முந்நூற்று எண்பத்தொன்று."

வைத்தியர் பியூஸை மறுபடி பார்த்தார். "அப்படித் தெரியவில்லையே," என்றார்.

பியூஸ் அப்போது ஒரு சத்தம் போட்டாள். மாடு கத்துவதுபோல இருக்கவில்லை. சின்னம்மா எனக்குச் சொன்னது, வழி போதாது என்றது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"அது பொய்! தராசில் நானும் தொங்கினேன்! முப்பது கிலோ என்னுடையது!" என்று பிரெஞ்சில் சொல்லி அழத் தொடங்கினேன்.

மதாம் குறிப்பேட்டை மூடினார். சின்னம்மாவுக்கு அந்த வாக்கியங்களில் எத்தனை சொல் தெரிந்ததோ, முப்பது என்ற எண் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பியூஸின் வாலைப் பிடித்தபடியே நின்றார்.

"அதைப் பிறகு பேசலாம்," என்றார் வைத்தியர். "ஒருமுறை இழுத்துப் பார்ப்போம். வராவிட்டால் வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும்."

கன்றின் முன்கால்களில் சங்கிலி மாட்டினார்கள். பியூஸ் முக்கும்போது மட்டும் இழுத்தார்கள். அவள் நிறுத்தினால் அவர்களும் நிறுத்தினார்கள். சின்னம்மா முழு நேரமும் தமிழில் கதைத்துக்கொண்டே இருந்தார். "ஓமடி குஞ்சு, இன்னும் ஒருக்கா. நல்ல பிள்ளை. இன்னும் ஒருக்கா." எனக்கு வேலை எதுவும் தரவில்லை, நான் பியூஸின் காதைப் பிடித்துக்கொண்டு முன்னால் மண்டியிட்டிருந்தேன். தலை வந்தது. தோளில் நின்றது. வைத்தியர் கன்றைச் சற்றுத் திருப்பினார். பிறகு ஒரேயடியாக முழுவதும் வழுகி வந்து வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. மதாம் எழுபது வயதை மறந்து முழங்காலில் விழுந்து, ஒரு வைக்கோல் தண்டை அதன் மூக்குக்குள் விட்டுக் குடைந்தார். கன்று தும்மியது. அதைப்போல் ஓர் இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

ஆனால் பியூஸ் எழும்பவில்லை. கன்று வெளியே வரும்போது இடுப்பு நரம்பு நசிந்திருக்கலாம், சில மாடுகள் எழும்பும், சில எழும்பாது என்று சொல்லி, ஊசி போட்டுவிட்டு வைத்தியர் போனார். சின்னம்மா பியூஸின் பின்னங்கால்களை மணிக்கணக்காகத் தேய்த்தார். ஒரே பக்கம் படுத்தால் கால் செத்துவிடும் என்று, நானும் மதாமும் அவரும் சேர்ந்து அவளை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் புரட்டினோம். கன்றை அவள் மூக்குக்கு முன்னால் வைத்தோம். அவள் படுத்தபடியே அதை நக்கி உலர்த்தினாள்.

பிற்பகல் நாலு மணியளவில், எங்களில் ஒருவரும் எதிர்பார்க்காத நேரத்தில், கன்று தள்ளாடி அப்பால் போகத் தொடங்கியது. பியூஸ் பின்பக்கத்தைத் தூக்கினாள். விழுந்தாள். மறுபடி தூக்கினாள். கால்கள் அகன்று, நான்கு பக்கமும் ஆடியபடி நின்றாள். சின்னம்மா அவளுடைய வாலடியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். கன்று மடியைத் தேடிப் பிடித்ததும்தான் விட்டார். பிறகு போய் வாளியில் உட்கார்ந்து, முகத்தை முழங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மதாம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "பியூஸ்," என்றார். இந்தத் தடவை நான்தான் அது. "உன் சின்னம்மாவுக்கு இதைச் சொல்லு. அந்த மாட்டைப் பார்த்தாலே எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியும். ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு அவள் வாயிலிருந்து எந்த எண் வந்திருந்தாலும் நான் முந்நூற்று எண்பத்தொன்றுதான் எழுதியிருப்பேன். எனக்கும் அதை அனுப்ப மனமில்லை. பென்சில் என் கையில் இருந்தது, அவள் கையில் இல்லை. இதைச் சொல்லு."

நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அழுது தலை வலித்தது. எனக்கு ஏச்சு இல்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. சின்னம்மா தலையை நிமிர்த்தி, "என்னவாம்?" என்று கேட்டார்.

"மதாமுக்குக் கோவம் இல்லையாம்," என்றேன்.

பியூஸ் ஒரு மாதம் நொண்டினாள், பிறகு சரியாக நடந்தாள். அடுத்தடுத்த வருடங்களில் ஒருவருடைய உதவியும் இல்லாமல் கன்று போட்டாள். அவளுடைய நாகுகளில் இரண்டு அந்தப் பண்ணையிலேயே நின்றன. சின்னம்மா அந்த வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் போய்க்கொண்டே இருந்தார். ஏன் இன்னும் போகிறாய் என்று அம்மா கேட்டால், "சும்மா, ஒருக்காப் பாத்திட்டு வாறன்," என்பார். மதாமின் கண்ணைப் பார்த்துப் பேச அவர் கூச்சப்பட்டதை நான் கண்டேன். பிரெஞ்சு வராததால் என்று நினைத்தேன். கன்றில் அவருக்குப் பாசம் கூடிவிட்டது என்றும் நினைத்தேன். வளாகத்தில் மறுபடி இடம் கிடைக்க அவருக்கு மூன்று வருடம் சென்றது.

இன்றைக்கு நான் மருத்துவமனைகளில் நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவள். சொன்னதில் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்பதுதான் அந்த வேலையில் முதலில் சொல்லித் தருவது. அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது, கன்று பிறந்த நாளின் மாலைதான்.

காரில் சின்னம்மாவின் கைகளிலிருந்து இன்னும் இரத்த மணம் வந்தது. நான் மதாம் தந்த பாண் துண்டையும் சீஸையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு அடியில் ஆற்றில் பனிக்கட்டிகள் உடைந்து போய்க்கொண்டிருந்தன.

"மதாம் கனநேரம் கதைச்சவ," என்றார் சின்னம்மா.

"ஓம்."

"கோவமில்லை எண்டு மட்டுமோ சொன்னவ?"

"ஓம்," என்றேன், வாயில் பாணோடு.

சென்ட்-ஆனைக் கடக்கும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக, இன்னொரு தடவை கேட்டார்: "வேறை ஒண்டும் சொல்லேல்லையோ, பிள்ளை?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பவும் கேட்டால், அவருக்கு அந்தப் பதில் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியவில்லை. பியூஸ் எழும்பிவிட்டாள், கன்று பால் குடித்துவிட்டது, யாரும் யாரோடும் கோபமில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், வீடு வருவதற்குள் நான் நன்றாகத் தூங்கிப்போனேன்.